கூவம் ஒரு வசைச்சொல் அல்ல

தமிழ் இலக்கியச் சண்டைகளில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் உவமை ஒன்று உண்டு. ஒருவருடைய எழுத்து நமக்கு உவப்பாக இல்லையென்றால் அது கூவம். எதிரணிப் பத்திரிகை கூவம். வணிக எழுத்து கூவம். அதை விரும்பி வாசிப்பவன் கூவத்தில் முங்கி எழுபவன். திரைப்பட விமர்சனம், அரசியல் மேடை, பட்டிமன்றம் என எங்கு திரும்பினாலும் இதே உவமைதான். கயம், பொய்கை, சுனை, குட்டம், இலஞ்சி என்று நீருக்குத் தமிழில் எத்தனை பெயர்கள் என வியந்து எழுதுகிறவர்களே, தாம் வாழும் நகரத்து ஆற்றின் பெயரை மலத்துக்கு மாற்றுச்சொல்லாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதில் அவர்களுக்கு எந்த உறுத்தலும் இருப்பதாகத் தெரியவில்லை.

வசையை விட்டால் அடுத்தது ஒப்பாரி. கூவத்தைப் பற்றி எழுதப் புகுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குவார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பச்சையப்ப முதலியார் கோமளீசுவரன்பேட்டையில் கூவத்தில் நீராடிவிட்டுக் கோயிலுக்குப் போவார் என்ற செய்தியைச் சொல்வார்கள். பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு நேப்பியர் பாலத்தருகே மூக்கைப் பொத்திக்கொள்ளும் காட்சி. கட்டுரை முடிந்துவிடும். நீராடியதற்கும் மூக்கைப் பொத்தியதற்கும் இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளில் யார் என்ன செய்தார்கள் என்ற கேள்வி மட்டும் அந்தக் கட்டுரைகளில் எழுவதே இல்லை. ஆறு ஏதோ தானாகவே முதுமையடைந்து நோய்வாய்ப்பட்டதைப் போல எழுதிச் செல்கிறோம்.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையின் மேற்குப் புறத்தில், அதாவது அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி, முகப்பேர், கொரட்டூர் என விரியும் நிலப்பரப்பில், நன்னீர் ஓடைகள் மண்ணுக்குள் புதைக்கப்படுவதற்கு முன்பே சொற்களுக்குள் புதைக்கப்பட்டுவிட்டன. அந்தப் புதைப்பில் அரசு அலுவலகத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதில் ஒரு பகுதியேனும் மொழியைக் கையாளும் நமக்கும் உண்டு. ஆற்றை வசையாகவும் ஒப்பாரியாகவும் மட்டுமே அறிந்த ஓர் எழுத்துலகத்தால் அதற்காக ஒரு வழக்கைக்கூட நேர்படப் பேச முடியாது.

2

முதலில் கூவம் என்பது எது?

திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. தேவார மரபில் அதன் பெயர் திருவிற்கோலம். சம்பந்தர் பாடிய தலம். கொசத்தலையாற்றின் குறுக்கே கேசாவரத்தில் உள்ள அணைக்கட்டில் நீர் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கொசத்தலையாறாகவே பூண்டி நோக்கிப் போகிறது. மற்றொரு கிளை கூவமாகிறது. அங்கிருந்து கடல் வரை ஏறத்தாழ 72 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி ஏரிகளின் உபரிநீரை வாங்கிக்கொண்டு வயல்களுக்கு நடுவே வருகிற ஒரு சாதாரணச் சிற்றாறு. மழைக்காலத்தில் ஓடும், கோடையில் மணல் தெரியும். மூக்கைப் பொத்த வேண்டிய அவசியம் எதுவும் அங்கே இல்லை.

பூவிருந்தவல்லிக்கு மேற்கே ஜமீன் கொரட்டூரில் கூவத்தின் குறுக்கே ஓர் அணைக்கட்டு உண்டு. (அம்பத்தூருக்குக் கிழக்கே ரயில் நிலையம் உள்ள கொரட்டூர் வேறு, இது வேறு.) ஆற்றில் வரும் வெள்ளத்தை அங்கே மறித்து, பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்புகிறார்கள். செம்பரம்பாக்கத்தின் நீர் சென்னைக்குக் குடிநீராகிறது. இதன் பொருளை நிதானமாக யோசித்துப் பாருங்கள். கூவத்தை வசையாகப் பயன்படுத்தும் கட்டுரையாளர் எழுதி முடித்துவிட்டுக் குடிக்கும் தண்ணீரில் கூவமும் கலந்திருக்கக்கூடும். நல்ல நீரை மேலேயே எடுத்துக்கொண்டோம். வெறும் படுகையைக் கீழே விட்டுவைத்து, திருவேற்காட்டிலிருந்து தொடங்கி நகரத்தின் கழிவை அதில் இறக்கினோம். பிறகு அந்தக் கழிவுக்கு ஆற்றின் பெயரை வைத்தோம். நேப்பியர் பாலத்தின் கீழே நாற்றமடிப்பது கூவம் அல்ல. கூவத்தின் படுகையில் ஓடும் சென்னை மாநகரம்.

ஆற்றங்கரையில் இருந்த ஊர்கள் ஏதோ நாதியற்ற புறநகர்கள் என்று நினைப்பவர்களுக்காகவும் ஒன்று சொல்லவேண்டும். கூவத்தின் கரையில் இருக்கும் திருவேற்காடு சம்பந்தர் பாடியது. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட திருமுல்லைவாயில் சுந்தரர் பாடியது. திருமழிசை ஓர் ஆழ்வாரின் ஊர். பூவிருந்தவல்லி இராமானுஜருக்கு வழிகாட்டிய திருக்கச்சி நம்பிகளின் ஊர். பக்தி இலக்கியத்தின் நிலவரைபடத்தில் இவ்வளவு நெருக்கமாக ஊர்கள் அமைந்திருக்கின்றன என்றால், அங்கே நெல் விளைந்திருக்கிறது, கோயிலுக்கு மானியமாகக் கொடுக்கும் அளவுக்கு உபரி இருந்திருக்கிறது, அதற்குத் தண்ணீர் இருந்திருக்கிறது என்றே பொருள்.

3

இந்தப் பகுதியின் ஆறு ஒரு கோடு அல்ல, ஒரு வலை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று அழைத்தது வெறும் அலங்காரத்துக்காக அல்ல. வற்றாத ஆறு இல்லாத, ஏறத்தாழச் சமதளமான ஒரு நிலத்தில், ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் கொட்டித் தீர்க்கும் மழையை வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் வாழவேண்டும். அதற்கு நம் முன்னோர் கண்ட வழி, மண் கரை போட்டு நீரைப் பிடித்து, நிறைந்ததைக் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு அனுப்புவது. அயப்பாக்கம் ஏரி நிறைந்தால் அம்பத்தூர், அம்பத்தூர் நிறைந்தால் கொரட்டூர், கொரட்டூர் நிறைந்தால் ரெட்டேரி என்று சங்கிலியாகப் போகும். ஒவ்வொரு ஏரிக்கும் வரத்துக்கால் ஒன்று, போக்குக்கால் ஒன்று, வயலுக்குப் பாயும் மதகுகள் சில. ஏரியின் உயிர் அதன் நீர்ப்பரப்பில் இல்லை, இந்தக் கால்களில் இருக்கிறது. கால் என்பது எவ்வளவு பொருத்தமான சொல்! காலை வெட்டிவிட்டு உடம்பைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறோம் இப்போது.

ஊர்ப்பெயர்களைக் கவனியுங்கள். ஐயப்பன்தாங்கல், பழவந்தாங்கல் என்ற பெயர்களில் வரும் தாங்கல் என்பது சிறிய ஏரி. பெரிய ஏரியிலிருந்து வழிவதைத் தாங்கிக்கொள்வதால் தாங்கல் என்று கொள்ளலாம். ஓட்டேரி, வேப்பேரி, ரெட்டேரி என்று ஏரியில் முடியும் பெயர்கள் வேறு. இந்த அமைப்பைப் பராமரிக்க ஊராரிடம் ஏற்பாடும் இருந்தது. உத்திரமேரூரின் பத்தாம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டு ஏரி வாரியம் என்ற ஓர் அமைப்பைக் குறிப்பிடுகிறது. குடவோலைக்காக அந்தக் கல்வெட்டைப் பெருமையுடன் மேற்கோள் காட்டுகிறவர்கள் அதில் ஏரிக்குத் தனி வாரியம் இருந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. பின்னாளில் குடிமராமத்து என்ற பெயரில் தொடர்ந்த கூட்டுழைப்பை, 1858-இல் சென்னை மாகாண அரசு ஒரு சட்டத்தின் வழியே கட்டாய உழைப்பாக எழுதிவைத்தது. ஊரின் வழக்கமாக இருந்தது அரசின் ஆணையானது. அன்றைய கிராமத்தில் அந்த உழைப்பு யார் தலையில் அதிகம் விழுந்தது, அந்த நீர் யார் வயலுக்கு முதலில் பாய்ந்தது என்பதும் கேட்கவேண்டிய கேள்வியே. பழைய ஏற்பாட்டைப் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. அது வேலை செய்தது என்று மட்டும் சொல்கிறேன்.

நகரம் வேறொரு பாதையில் போயிற்று. 1872-இல் கொசத்தலையாற்று நீரைத் தாமரைப்பாக்கத்தில் மறித்து, சோழவரம் வழியாகப் புழலுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கீழ்ப்பாக்கத்துக்குக் கால்வாய் வெட்டினார்கள். 1944-இல் பூண்டி. 1983-இல் கிருஷ்ணா நீருக்கு ஒப்பந்தம். அந்த நீர் முதலில் எட்டிப்பார்த்தது 1996-இல். 2004-இல் வீராணம். 2010-இல் மீஞ்சூரிலும் 2013-இல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் இன்னும் தொலைவிலிருந்து வந்தது. ஒவ்வொரு முறையும் அருகிலிருந்த ஏரி இன்னும் தேவையற்றதாயிற்று. தொலைவிலிருந்து வருவதுதான் தண்ணீர், அருகில் தேங்குவது கொசு உற்பத்தி என்ற எண்ணம் இப்படித்தான் படிந்தது.

4

இனி புதைப்பின் கதைக்கு வருவோம். அதை யாரும் இரவோடிரவாகச் செய்யவில்லை. கோப்புகளில், முத்திரைகளோடு, பட்டப்பகலில் செய்தார்கள்.

1923-இல் தொடங்கி மாம்பலத்து நெட்டேரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது. பார்ப்பதற்கு லேக்தான் இல்லை. 1976-இல் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வான்சிறப்பை வைத்த புலவனுக்கு ஏரியின் மேல் நினைவுச்சின்னம்! இதைவிடக் கூர்மையான அங்கதத்தை நம் நவீன எழுத்தாளர் யாரும் எழுதிவிடவில்லை. அதே 1970-களின் தொடக்கத்தில்தான் கூவத்தைச் சீர்ப்படுத்திப் படகு விட்டார்கள். படகுத்துறைகளுக்குக் கடையெழு வள்ளல்களின் பெயர்களைச் சூட்டினார்கள். பெயர் சூட்டுவதில் நமக்கு இணை யாருமில்லை. பாரியும் ஓரியும் பேகனும் வந்தார்கள், தண்ணீர்தான் வரவில்லை. படகுகள் காணாமற்போயின.

மேற்கே நடந்தது இதைவிட நுட்பமானது. ஏரிக்கு அரசின் கணக்கில் ஒரே ஒரு வேலைதான்: பாசனம். ஏரியின் கீழுள்ள ஆயக்கட்டு நிலம் மனைகளாகிவிட்டால் பாசனம் இல்லை. பாசனம் இல்லையென்றால் ஏரி பயனற்றது. பயனற்ற ஏரி அரசு நிலம். அரசு நிலத்தில் வீடு கட்டலாம். நான்கே வாக்கியங்களில் ஓர் ஏரி செத்துவிடுகிறது. நிலத்தடி நீரை ஊறவைப்பது, வெள்ளத்தைத் தாங்குவது, மேலே உள்ள ஏரியின் உபரியை வாங்கிக் கீழே அனுப்புவது ஆகியவை எந்தப் பதிவேட்டிலும் ஏரியின் வேலையாக எழுதப்படவில்லை. எழுதப்படாத வேலையைச் செய்கிறவர்களுக்கு இந்நாட்டில் என்ன மதிப்போ அதேதான் ஏரிக்கும் கிடைத்தது.

முகப்பேரில் வீட்டுவசதி வாரியம் உருவாக்கிய குடியிருப்புக்கு ஏரித்திட்டம் என்று பெயர். பேருந்து நடத்துநர் முதல் தபால்காரர் வரை எல்லோரும் ஏரி ஸ்கீம் என்று இன்றும் இயல்பாகச் சொல்கிறார்கள். ஏரியைக் காப்பாற்றும் திட்டமாக இருக்கும் என்று வெளியூர்க்காரர் எவரேனும் நினைத்தால் அவரைக் குற்றம் சொல்லமுடியாது. கொன்றவன் தன் வாக்குமூலத்தைப் பெயர்ப்பலகையாக எழுதி முச்சந்தியில் நட்டுவைத்ததைப் போன்றது இது. நாற்பது ஆண்டுகளாக அதைப் படித்துக்கொண்டே கடந்து போகிறோம்.

ஏரிகளின் கதியாவது பெயர்ப்பலகையில் மிஞ்சியிருக்கிறது. அவற்றை இணைத்த ஓடைகளுக்கு அதுவும் இல்லை. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்தது. ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு. சிறுதொழிலுக்குப் பெயர்பெற்ற இடம். பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. பாடியிலும் சுற்றுப்புறங்களிலும் ஆலைகள். அவற்றில் வேலைக்கு வந்தவர்களுக்கான மனைப்பிரிவுகள். வரைபடத்தில் சதுரம் சதுரமாகக் கோடு போட்டபோது, வளைந்து வளைந்து வந்த வாய்க்கால் கோட்டுக்கு ஒத்துவரவில்லை. சில இடங்களில் அதை நேராக்கினார்கள். சில இடங்களில் குழாய்க்குள் விட்டார்கள். சில இடங்களில் அதன் மேல் பலகையைப் போட்டுச் சாலையை அகலப்படுத்தினார்கள். பாதாளச் சாக்கடை வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பாகவே வீடுகள் வந்துவிட்டதால், அருகில் இருந்த வாய்க்கால்தான் எல்லோருக்கும் சாக்கடையாயிற்று.

இந்த இடத்தில் சொல் தன் வேலையைக் காட்டியது. வாய்க்கால் என்பதைச் சாக்கடை என்று நாமே சொல்லத் தொடங்கினோம். பாடி, வில்லிவாக்கம், அயனாவரம் வழியாக ஓடி பேசின் பாலத்தருகே பக்கிங்காம் கால்வாயில் கலக்கும் நீரோட்டத்தை ஓட்டேரி நாலா என்கிறார்கள். நாலா என்பது வெள்ளைக்காரன் இந்துஸ்தானியிலிருந்து கடன் வாங்கிய சொல். அவனுக்கு அது காட்டாற்றையும் குறித்தது. நமக்கு அதன் ஓசையே நாற்றமடிக்கிறது. இப்போது எல்லாவற்றுக்கும் மழைநீர் வடிகால் என்று அரசு பெயர் வைத்துவிட்டது. வடிகால் என்றால் வடித்து வெளியேற்றுவது. நீர் என்பது வெளியேற்றப்பட வேண்டிய ஒன்று என்ற தத்துவம் அந்தச் சொல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது. வரத்துக்கால் என்ற சொல்லில் நீர் வருகிறது. வடிகால் என்ற சொல்லில் நீர் போகிறது. இடையில் நாம் இழந்தது ஓர் ஏரி.

5

2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12-ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது பெட்டிகளில் இருபத்தைந்து லட்சம் லிட்டர் காவிரி நீரை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. மாலையும் தோரணமும் கட்டி வரவேற்றார்கள். அந்த ரயில் எந்த வழியாக வந்தது என்று யாரேனும் யோசித்தோமா? ஆவடி, திருமுல்லைவாயில், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர், பாடி. அயப்பாக்கத்திலிருந்து ரெட்டேரி வரை இறங்கும் அந்த ஏரிச்சங்கிலியைக் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டே, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த தண்ணீர் போயிற்று.

அதே தண்டவாளத்தின் இருபுறமும் 2015 டிசம்பரில் வெள்ளம். முகப்பேரிலும் கொரட்டூரிலும் வீட்டின் தரைத்தளம் மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குள் நீர் புகுந்து சிறு பட்டறைகளின் இயந்திரங்கள் நாசமாயின. நீர் தன் பழைய பாதையை மறப்பதில்லை என்று ஒவ்வொரு வெள்ளத்தின்போதும் எழுதுகிறோம். அழகான வாக்கியம்தான், ஆனால் பிழையானது. நீருக்கு நினைவு எதுவும் கிடையாது, சரிவு மட்டுமே தெரியும். அந்தச் சரிவை நில அளவைக்காரர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே வரைந்துவைத்திருக்கிறார். மறந்தது நாம், அல்லது மறந்ததாகக் காட்டிக்கொண்டது மனை விற்றவர்களும் அதற்கு ஒப்புதல் தந்தவர்களும்.

ஆக்கிரமிப்பு என்ற சொல்லுக்கு இங்கேதான் வரவேண்டும். ஓடைப் புறம்போக்கு தொடர்பான வழக்கில் 2005-இல் சென்னை உயர்நீதிமன்றம் நீர்நிலைகளை மீட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2007-இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே இயற்றியது. நல்லது. நடைமுறையில் அது யார் மேல் பாய்ந்தது? கூவத்தின் கரையில் குடிசை போட்டிருந்தவர்கள் மேல். ஏறத்தாழ 600 கோடி ரூபாய்த் திட்டமாக 2015-இல் தொடங்கிய கூவம் சீரமைப்பின் கண்ணுக்குத் தெரிந்த சாதனை, ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கும் பிற தொலைவுக் குடியிருப்புகளுக்கும் கொண்டுபோய் விட்டதுதான். 2021 ஜூலையில் அரும்பாக்கத்தில் அப்படித்தான் வீடுகள் இடிக்கப்பட்டன. குழந்தைகளின் பள்ளி போயிற்று. வீட்டுவேலைக்கும் கூலி வேலைக்கும் நடந்துபோன தொலைவு பேருந்துத் தொலைவாயிற்று. ஆற்றில் ஓடும் நீரின் நிறம் மட்டும் மாறவில்லை. ஏனெனில் அந்த நிறத்துக்குக் காரணம் கரையில் இருந்த குடிசைகள் அல்ல, தொலைவிலிருந்து குழாய்கள் கொண்டுவந்து கொட்டும் நம் எல்லோருடைய கழிவும்தான்.

இப்போது அதே ஆற்றுக்குள் துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை போகும் உயர்மட்டச் சாலையின் தூண்களைப் பாருங்கள். 2009-இல் தொடங்கிய திட்டம். தூண்கள் நீரோட்டத்துக்குத் தடை என்று சொல்லி மாநில அரசே 2012-இல் அதை நிறுத்தியது. 2022-இல் இரண்டடுக்குச் சாலையாக, 5,800 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட செலவில், மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. கரையில் இருக்கும் ஓலைக் கூரை ஆக்கிரமிப்பு. ஆற்றின் நடுவில் இறங்கும் கான்கிரீட் தூண் வளர்ச்சி. பக்கிங்காம் கால்வாயின் மேல் பறக்கும் ரயில் ஓடுகிறது, அதுவும் வளர்ச்சி. ஏரியின் வயிற்றில் வாரியம் கட்டிய அடுக்ககம் திட்டம். கணக்கெடுத்தால் நீர்நிலைகளின் மிகப் பெரிய ஆக்கிரமிப்பாளர் அரசுதான் என்று தெரியும். நோட்டீஸ் அனுப்புகிறவரும் அவரே என்பதால் அவருக்கு நோட்டீஸ் போவதில்லை.

6

மறுதரப்பின் கேள்விகள் எனக்குத் தெரியாமல் இல்லை. வீடில்லாத நடுத்தர வர்க்கத்துக்கு வாரியம் வீடு கொடுத்தது தவறா? அம்பத்தூர் பேட்டை இல்லாமல் சென்னைத் தொழில்துறை இருந்திருக்குமா? 1955-இல் ஆவடியில் காங்கிரஸ் கூடி சோஷலிச மாதிரிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்ட காலத்தின் நம்பிக்கை அது. அன்று ஏரியைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? நியாயமான கேள்விகள். என் விடை எளிது. தொழிற்பேட்டையும் வீடும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு வாய்க்காலுக்குத் தேவைப்படுவது சில அடி அகலம். ஆயிரம் ஏக்கரில் அது ஒரு சிறு கீற்று. அந்தக் கீற்றை விட்டுவைத்துவிட்டு அதே பேட்டையை, அதே குடியிருப்பைக் கட்டியிருக்கலாம். கட்டாததற்குக் காரணம் வறுமையோ நெருக்கடியோ இல்லை. வாய்க்கால் என்பது ஒரு பொருளே இல்லை என்ற அலட்சியம். அந்தக் கீற்றை மிச்சம் பிடித்ததன் விலையைத்தான் 2023-இல் பட்டறைக்காரர்கள் கட்டினார்கள்.

இன்னொரு தரப்பு, எல்லாம் முடிந்துபோயிற்று, புதைந்தது புதைந்ததுதான் என்கிறது. உலக நகரங்கள் எல்லாம் தம் ஓடைகளைப் புதைத்தவையே என்று உதாரணம் காட்டுகிறது. லண்டனில் ஃப்ளீட் என்ற சிற்றாறு சாலைக்கடியில் போயிற்று; பத்திரிகைகளின் தெருவுக்குப் பெயராக மட்டும் மிஞ்சியது. ஆனால் லண்டனில் ஆண்டு முழுவதும் சீராகத் தூறும் மழை. நம்முடையது சில நாட்களில் மொத்தமாகக் கொட்டும் மழை. அவர்களின் குழாய்க் கணக்கு நமக்குப் பொருந்தாது. இதற்கு நேரெதிராக சோல் நகரத்தைக் காட்டுபவர்கள் உண்டு. மேம்பாலச் சாலையை இடித்துவிட்டு, 2005-இல் சொங்கேசொன் ஓடையை 5.8 கிலோமீட்டருக்குத் திறந்துவிட்டார்கள். பாராட்டுக்குரியதுதான். ஆனால் அதில் ஓடும் நீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து இயந்திரத்தால் இறைத்து விடப்படுவது. வரத்துக்கால்கள் மீளாத ஓடை ஒரு நீளமான செயற்கை நீரூற்று. நாம் கவனமாக இல்லாவிட்டால் நம் மீட்பும் அதன் மலிவுப் பதிப்பாகத்தான் முடியும்.

அது ஏற்கெனவே தொடங்கிவிட்டது. 2019-இல் ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் பசுமைப் பூங்கா திறக்கப்பட்டது. நடைபாதை, படகு, பறவைகள். மாலையில் மக்கள் கூடுகிறார்கள். அதை நான் குறைகூற மாட்டேன். ஆனால் ஏரிக்கு அழகு செய்வதும் ஏரியை ஏரியாக்குவதும் வேறுவேறு வேலைகள். கொரட்டூர் ஏரிக்காக அவ்வூர் மக்கள் பல ஆண்டுகளாகப் போராடினார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போயிற்று. அவர்கள் நடைபாதை கேட்கவில்லை. அம்பத்தூர்ப் பக்கத்திலிருந்து கால்வாய் வழியே வரும் கழிவை நிறுத்துங்கள் என்றுதான் கேட்டார்கள். ஏரியைப் புரிந்துகொண்டவர்களின் கோரிக்கை அது. கரையைப் பற்றி அல்ல, காலைப் பற்றியது.

இதற்கிடையில் கொசத்தலையாற்று வடிநிலத்துக்காக, ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியுடன், 3,220 கோடி ரூபாயில் மழைநீர் வடிகால்கள் கட்டும் திட்டம் 2021-இல் தொடங்கப்பட்டது. அம்பத்தூர் மண்டலமும் அதில் அடங்கும். வெள்ளத்தில் அவதிப்பட்டவர்களுக்கு வடிகால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் கான்கிரீட் பெட்டிக்குள் விழும் மழை எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை உண்டு. அது அடுத்த ஏரிக்குப் போனால் வாய்க்கால். நேரே கடலுக்குப் போனால் அடுத்த கோடைக்கான ரயிலுக்கு நாமே எழுதிக்கொடுக்கும் விண்ணப்பம்.

7

கேட்க வேண்டியவை அதிகமில்லை. ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் புல அளவைப் புத்தகம் இருக்கிறது. அதில் ஓடை, வாய்க்கால், தாங்கல் எல்லாம் அகலத்துடன் குறிக்கப்பட்டிருக்கின்றன. அம்பத்தூரிலிருந்து ரெட்டேரி வரையிலும், ஆவடியிலிருந்து கூவம் வரையிலும் உள்ள வாய்க்கால்களை இன்றைய தெரு வரைபடத்தின் மேல் பதித்து எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அதன் மேல் இருப்பவை எவை என்பதில் அரசுக் கட்டடம், தனியார் கட்டடம், குடிசை என்ற பேதம் கூடாது. மீட்பு என்று தொடங்கினால் முதல் செங்கல் அரசு சுவரிலிருந்து விழட்டும். புதிதாகக் கட்டும் ஒவ்வொரு வடிகாலும் எந்த ஏரியில் முடிகிறது என்று அறிவிக்க வேண்டும். ஏரியில் முடியும் எந்த வாய்க்காலிலும் சாக்கடை இணைப்பு இருக்கக்கூடாது. குடிசைகளை அகற்றத்தான் வேண்டுமென்றால் அவர்களுக்கு அதே வட்டாரத்தில் இடம் வேண்டும். ஏரித்திட்டங்களுக்கு இடம் கிடைத்த நகரத்தில் இதற்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நதியைப் பற்றிய கவிதைகள் நம்மிடம் போதுமான அளவுக்கு உண்டு. கலங்கல் எங்கே இருந்தது, மதகை யார் திறந்தார்கள், எந்த ஆண்டு எந்த ஆணையால் எந்த வாய்க்கால் மூடப்பட்டது என்று ஊர் முதியவர்களிடம் கேட்டு எழுதப்பட்டவை மிகக் குறைவு. அம்பத்தூரிலும் அயப்பாக்கத்திலும் நெல் நட்டவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். நீர்க்கட்டி, மடை, தூம்பு போன்ற சொற்கள் அகராதியில் அல்லாமல் நாக்கில் உள்ள கடைசித் தலைமுறை அது. அவர்கள் சொல்வதை ஊர்ப்பெயரோடும் ஆண்டோடும் பதிவு செய்யுங்கள். நாளை ஒரு வழக்கில் அது சான்றாகும். கவிதை ஆகாது.

அதுவரை இந்த ஒன்றையாவது செய்யலாம். அடுத்த இலக்கியச் சண்டையில் எதிராளியின் எழுத்தை இழித்துரைக்க உவமை தேடும்போது கூவத்தை விட்டுவிடுங்கள். திருவிற்கோலத்தருகே புறப்பட்டுச் செம்பரம்பாக்கம் வழியாக உங்கள் குவளைக்கு வந்து சேரும் நீரின் பெயர் அது. வசைக்கு வேறு சொல் வேண்டுமென்றால் ஏரித்திட்டம் என்று திட்டிப் பாருங்கள், பொருத்தமாக இருக்கும்.